பெயர் வைத்த கோழிக்கு வேறு கணக்கு: கொழும்பு வளவில் பண்ணை உயிர்களை வளர்ப்பது எப்படி

புரொய்லர் கோழியைப் பண்ணையில் ஐந்தாறு வாரத்தில் இறைச்சிக்கு அனுப்பிவிடுவார்கள். முட்டைக்கோழிக்கு ஏறக்குறைய ஒன்றரை வருடம். கடையில் விற்கும் தீன், கூட்டின் அளவு, மருந்து அட்டவணை எல்லாம் அந்தக் கணக்கில் போடப்பட்டவை. அதே கோழி வெள்ளவத்தையிலோ மட்டக்குளியிலோ ஒரு வீட்டுப் பின்வளவில் பெயர் சொன்னால் ஓடிவரும் செல்லமாகிவிட்டால் ஆறு தொடக்கம் எட்டு வருடம் உயிரோடு இருக்கும். பண்ணைக் கணக்கை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தால், இரண்டாம் மூன்றாம் வருடத்தில் கொழுப்பேறிய ஈரல், முட்டை அடைபடுதல், காலில் ஆணி என்று ஒவ்வொன்றாக வரத் தொடங்கும்.

முதலில் எந்த உயிர் எந்த வீட்டுக்குச் சரிவரும் என்று பார்ப்போம்.

தொடர்மாடிக்கு ஒன்றும் வேண்டாம். பல்கனியில் கோழி வளர்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கோழி மண்ணைக் கிளறாமல் இருக்கமாட்டாது, கீழ்வீட்டுக்காரர் எச்சத்தைப் பொறுக்கமாட்டார். நிர்வாகக் குழுவின் விதிகளும் பெரும்பாலும் இடம் கொடுக்காது. ஆறு பேர்ச் காணியில் வீடு போகப் பின்னால் பத்துக்குப் பத்து அடி மிஞ்சினால் மூன்று பேட்டுக்கோழிக்குத் தாராளம். வாத்துக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலான இடமும் நல்ல வடிகாலும் தேவை. ஆடு என்றால் குறைந்தது பதினைந்து இருபது பேர்ச் இருக்கவேண்டும், தினமும் குழை வெட்ட மரமும் இருக்கவேண்டும். முயலை இந்தப் பட்டியலில் சேர்க்கத் தயக்கமாக இருக்கிறது. 30 பாகை வெயிலே அதற்குக் கடினம், கொழும்பில் பகல் வெப்பம் வருடம் முழுக்க அந்த அளவில்தான் இருக்கிறது. வீட்டுக்குள் குளிர்ந்த தரையில் வைத்திருக்க முடிந்தவர்கள் மட்டும் யோசிக்கலாம்.

எதுவானாலும் ஒன்றாக வாங்கக்கூடாது. கோழி, வாத்து, ஆடு எல்லாமே கூட்டமாக வாழும் உயிர்கள். தனி ஆடு நாள் முழுக்கக் கத்தும். தனிக் கோழி வீட்டுக்காரரின் பின்னாலேயே திரியும். அதைப் பாசம் என்று எடுத்துக்கொள்கிறோம், உண்மையில் அது துணை தேடுகிறது.

வாங்குமுன் இரண்டு இடத்தில் கேட்கவேண்டும். ஒன்று, உங்கள் மாநகர சபை. கொழும்பு மாநகர சபையில் மிருக வைத்தியப் பிரிவு இருக்கிறது. தெஹிவளை-கல்கிசை வேறு சபை, விதிகளைத் தனியாக விசாரியுங்கள். மற்றது, மிருக வைத்தியர். கொழும்பில் நாய், பூனைக்கு வைத்தியர் தாராளம், கோழியைத் தொட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. வருத்தம் வந்த இரவில் தேடாமல், முன்கூட்டியே தொலைபேசியில் “கோழி பார்ப்பீர்களா” என்று கேட்டு இலக்கத்தைக் குறித்து வையுங்கள். கடினமான வருத்தங்களுக்குப் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் வைத்தியசாலை இருக்கிறது, ஆனால் நோயுற்ற கோழியோடு கண்டி வீதியில் நாலு மணித்தியாலம் போவது லேசான காரியமல்ல.

வாங்குதல்

பிள்ளைகளுக்கு மஞ்சள் குஞ்சுதான் பிடிக்கும். ஆனால் சேவல், பேடு என்று பிரிக்காத குஞ்சு நாலு வாங்கினால் ஏறக்குறைய இரண்டு சேவலாக இருக்கும், நாலைந்து மாதத்தில் விடியற்காலை நாலு மணிக்குக் கூவத் தொடங்கும். மதிலோடு மதில் ஒட்டிய வீடுகளில் அதற்குப் பிறகு அந்தச் சேவலுக்கு ஊரில் இடம் தேடவேண்டியதுதான். இதற்கு இரண்டு வழி உண்டு. பதினாறு, பதினெட்டு வாரப் பேட்டுக்கோழியாக, தடுப்பூசி போட்டதாக வாங்கலாம். அல்லது நிறத்தால் பால் தெரியும் மண்ணிற முட்டைக்கோழி இனத்தில் குஞ்சு எடுக்கலாம். அதில் செம்மண்ணிறக் குஞ்சு பேடு, வெளிர்மஞ்சள் குஞ்சு சேவல்.

தடுப்பூசி போட்டதை வாங்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கோழிகளிடையே வேகமாகப் பரவிக் கொல்லும் ராணிக்கட் நோய்க்கான தடுப்பூசிக் குப்பி நூறு கோழிக்கும் அதற்கு மேலும் போடும் அளவில் வரும், திறந்தால் சில மணித்தியாலத்தில் பாவித்து முடிக்கவேண்டும். மூன்று கோழிக்காக அதை யாரும் திறக்கமாட்டார்கள்.

ஊர்க்கோழியா, முட்டைக்கோழியா? செல்லத்துக்கு ஊர்க்கோழியே மேல். முட்டை குறைவு, ஆனால் உடம்பு தேய்வதும் குறைவு. வருடத்துக்கு முந்நூறு முட்டை இடும்படி வளர்த்தெடுத்த இனங்களுக்கு வயிற்று நோய்கள் கெதியில் வரும். புரொய்லர் குஞ்சு கைக்கு வந்துவிட்டால், கண்டபடி தீன் வைக்கவேண்டாம். முழுத்தீன் தின்றால் இரண்டு மாதத்தில் தன் பாரத்தைத் தன் காலால் தாங்கமுடியாமல் உட்கார்ந்துவிடும், இல்லையென்றால் இதயம் நின்றுவிடும். மூன்றாம் வாரத்திலிருந்து அளந்து இரண்டு வேளை மட்டும் வைத்து, மீதி நேரம் வளவில் நடக்க விடுங்கள். மற்றக் கோழிகளின் தீன் பாத்திரத்துக்கு அது போகாமலும் பார்க்கவேண்டும்.

கூடு

மூன்று கோழிக்குப் படுக்கும் கூடு 4 அடிக்கு 3 அடி, அதோடு ஒட்டிய வலையடைப்பு 6 அடிக்கு 5 அடி. இதற்குக் குறைந்தால் ஒன்றையொன்று கொத்தத் தொடங்கும். படுக்கும் கூட்டைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயர்த்திக் காலில் நிறுத்துங்கள். மழைத் தண்ணீரும் பெருச்சாளியும் கீழால் போகட்டும். உள்ளே 2 அங்குலச் சதுரக் கட்டையின் மேல் விளிம்புகளைச் சீவி உருட்டி, கோழிக்கு 10 அங்குலம் வீதம் ஒரு தாங்குகட்டை போடுங்கள். கூரான விளிம்பில் நாள்தோறும் படுத்தால் பாதத்தில் கறுத்த தழும்பு விழுந்து உள்ளே சீழ் கட்டும். முட்டையிடும் பெட்டி நீளம், அகலம், உயரம் மூன்றும் ஓரடி, மூன்று கோழிக்கு ஒன்று போதும். அது தாங்குகட்டையைவிடக் கீழே இருக்கவேண்டும். உயரத்தில் இருந்தால் கோழி அதிலேயே படுத்து முட்டைப் பெட்டியை எச்சப்பெட்டி ஆக்கிவிடும்.

செலவைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் கைவைப்பது வலையில்தான். அறுகோணக் கண்ணுள்ள சாதாரணக் கோழிவலை கோழி வெளியே போகாமல் தடுக்கும், மரநாய் உள்ளே வராமல் தடுக்காது. கொழும்பில் ஓட்டுக்கூரையும் மாமரமும் உள்ள தெருவெல்லாம் மரநாய்க்கு வீடு. வலையை இழுத்துப் பிய்க்கும், பிய்க்க முடியாவிட்டால் கண் வழியாகக் கையை விட்டுத் தூங்கும் கோழியைப் பிடிக்கும். அரை அங்குலக் கண்ணுள்ள பற்றவைத்த கம்பிவலைதான் வேண்டும். புறக்கோட்டை பழைய சோனகத் தெருக் கடைகளில் சுருளிலிருந்து வெட்டித் தருவார்கள். கம்பி ஆணியால் மட்டும் அடிக்காமல், மேலே மெல்லிய சட்டம் வைத்துத் திருகாணி போடுங்கள். வலையின் அடிப்பாகத்தை வெளிப்பக்கமாக ஓரடி மடித்து மண்ணுக்குள் புதைத்தால் நாயும் கீரியும் தோண்டி நுழையாது. கதவுக்கு வெறும் கொண்டி போதாது. தூக்கித் திருப்பினால் மட்டுமே திறக்கும் பூட்டு, அல்லது கொண்டிக்குள் ஒரு கிளிப் மாட்டுங்கள்.

கால்வாய்க்கரை வீடுகளுக்குப் பகலில் கபரகொய்யா என்ற பெரிய நீருடும்பு வரும், முட்டையையும் குஞ்சையும் விழுங்கும். பத்தரமுல்லை, தலவத்துகொடைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பக்கங்களில் மீன்பிடிப் பூனையும் நடமாடுகிறது. இவை பாதுகாக்கப்பட்ட உயிர்கள். பொறி, நஞ்சு என்று போகாமல் வலையைப் பலப்படுத்துங்கள். காகத்துக்கு மேல்மூடி போதும்.

தகரக் கூரை மலிவு, ஆனால் மத்தியானத்தில் கூடு அடுப்பாகிவிடும். தகரத்தின்மேல் இரண்டு வரிசை கிடுகு போட்டுக் கட்டினால் சூடு நன்றாகக் குறையும், வருடத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். மே தொடக்கம் செப்டெம்பர் வரை மழை கடல் பக்கமிருந்து சாய்வாக அடிக்கும். ஆகவே மேற்கும் தெற்கும் பலகை, மற்ற இரண்டு பக்கமும் வலை. கூரையை இரண்டடி வெளியே நீட்டி விடுங்கள். கூரைக்குக் கீழே நாலு பக்கமும் அரையடி இடைவெளி விட்டு வலை அடியுங்கள், சூடும் நாற்றமும் அதால் போகும்.

தரைக்கு நெல் உமி அல்லது மரத்தூள் 4 அங்குலம். தும்புத்தூள் கொழும்பு ஈரப்பதத்தில் காயவே காயாது, வேண்டாம். உமியில் ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் சரி, உருண்டையாக நின்றால் மாற்றவேண்டும். நாற்றத்தை நின்றபடி சோதிக்காதீர்கள். குனிந்து கோழியின் மூக்கு இருக்கும் உயரத்துக்கு முகத்தைக் கொண்டுபோங்கள். அங்கே கண் எரிந்தால் கோழிக்கு இரவெல்லாம் எரிகிறது. ஈரத்தரைதான் இரத்தக் கழிச்சலுக்கும் வாசல். ஒரு பழைய பேசினில் காய்ந்த மணலும் விறகுச் சாம்பலும் கலந்து கூரைக்குக் கீழே வையுங்கள், மழைக்காலத்தில் அவை மண்குளிக்க வேறு இடமில்லை.

தீனும் தண்ணீரும்

வளர்ந்த கோழி ஒன்று நாளொன்றுக்கு 110 தொடக்கம் 120 கிராம் தீன் தின்னும். மூன்று கோழிக்கு மாதம் 10 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். 25 கிலோ மூட்டை மலிவென்று வாங்கினால் இரண்டரை மாதம் கிடக்கும், இந்த ஈரக்காற்றில் அதற்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். பூஞ்சண நஞ்சு ஈரலைத்தான் முதலில் தாக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. மாதத்துக்கு வேண்டியதை மட்டும் நிறுத்து வாங்கி, இறுக்கமான மூடியுள்ள வாளியில் போட்டு, நிலத்தில் வைக்காமல் பலகைமேல் வையுங்கள். திறந்த மூட்டைக்கு எலி வரும், எலியோடு எலிக்காய்ச்சல் வரும். புண்ணாக்கும் அப்படியே, கட்டிக்கட்டியாக ஒட்டியிருந்தால் கழுவிக் கொடுக்கலாம் என்று நினைக்கவேண்டாம், கொட்டிவிடுங்கள்.

எட்டு வாரம் வரை குஞ்சுத்தீன், பிறகு வளர்கோழித்தீன், முதல் முட்டை இட்ட பிறகுதான் முட்டைக்கோழித்தீன். கடைசித் தீனில் சுண்ணாம்புச் சத்து நாலு வீதம் அளவுக்கு இருக்கிறது. முட்டையிடாத குஞ்சுக்கும் சேவலுக்கும் அதைத் தொடர்ந்து போட்டால் சிறுநீரகம் பழுதாகும். முட்டை நின்றுபோன கிழட்டுக் கோழியும் இதே கணக்குத்தான், பண்ணைகள் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை, அந்த வயதுவரை அங்கே எதுவும் இருப்பதில்லை. வயது கலந்த கூட்டுக்கு நல்ல வழி, எல்லாவற்றுக்கும் வளர்கோழித்தீன் போட்டு, முட்டைக்கோதை வறுத்து நொறுக்கி வேறு கிண்ணத்தில் வைப்பது. தேவையானது கொத்தும், தேவையில்லாதது விட்டுவிடும். பருமணலும் ஒரு பிடி வையுங்கள். கோழிக்குப் பல் இல்லை, இரைப்பைக்குள் அரைப்பது அந்தக் கல்தான்.

கங்குன், வல்லாரை, முருங்கை இலை, பப்பாசி எல்லாம் நல்லவை. சோறு, பாண், குறுணல் போன்ற மேல்தீன் மொத்தத்தில் பத்திலொரு பங்குக்கு மேல் போகக்கூடாது. மூன்று கோழிக்கு ஒரு சின்னக் கைப்பிடிதான் வரும். வீட்டில் ஆளுக்கொரு பிடி போட்டுவிடுவார்கள், அதுதான் கொழுப்பேறிய ஈரலின் கதை. மிஞ்சிய கறி, கருவாடு வேண்டவே வேண்டாம், உப்பு தாங்காது. அவகாடோ பறவைக்கு நஞ்சு. சதை, தோல், கொட்டை மூன்றும்.

தண்ணீர் சாதாரண நாளில் கோழிக்குக் கால் லீற்றர், வெயில் நாளில் இரட்டிப்பு. பாத்திரத்தை நிழலில் வையுங்கள், சுடுதண்ணீரைக் கோழி குடிக்காது. இரண்டு நாளைக்கு ஒருமுறை கொட்டினால் மட்டும் போதாது, உட்பக்கத்தைத் தேய்க்கவும் வேண்டும். டெங்கு நுளம்பின் முட்டை பாத்திரச் சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்தாலும் சாகாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து குடம்பி கண்டால் வழக்குப் போடுவார், கோழித்தண்ணி என்றால் விடமாட்டார்.

குஞ்சாக எடுத்தால் முதல் வாரம் 35 பாகை வெப்பம், பிறகு வாரத்துக்கு மூன்று பாகை குறைத்துவர வேண்டும். பழைய குண்டு பல்ப் சூடு தரும், எல்ஈடி பல்ப் வெளிச்சம் மட்டும்தான் தரும். இந்த வித்தியாசம் தெரியாமல் குளிரில் போன குஞ்சுகள் நிறைய. வெப்பமானி இல்லாவிட்டால் குஞ்சைப் பாருங்கள். பல்புக்குக் கீழே குவிந்து கத்தினால் குளிர், ஓரத்தில் வாய் பிளந்து நின்றால் சூடு, பரவிப் படுத்தால் சரி. பத்திரிகைத் தாளில் விடவேண்டாம், கால் வழுக்கி இரண்டு பக்கமும் விரிந்துபோகும்.

கையில் பழக்குதல்

மேலிருந்து கை வந்தால் கோழிக்கு அது பருந்து. தரையில் உட்கார்ந்து, உள்ளங்கையில் தீன் வைத்து, பக்கவாட்டில் நீட்டுங்கள். தூக்கும்போது ஒரு கையை நெஞ்சுக்குக் கீழே கொடுத்து, மற்றக் கையால் செட்டையை உடம்போடு அணைக்கவேண்டும். காலில் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவது சந்தைப் பழக்கம், செல்லத்துக்கு ஆகாது. மத்தியானம் பதினொன்றிலிருந்து மூன்று மணிவரை தூக்கவேண்டாம். செட்டையை விரித்து வாய் பிளந்து மூச்சுவிட்டால் நிழலுக்குக் கொண்டுபோய், ஆழமில்லாத தட்டில் தண்ணீர் ஊற்றிக் காலை நனைய விடுங்கள்.

யாரும், முக்கியமாக ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள், கோழிக்கு முத்தம் கொடுக்கக்கூடாது, விளையாடி முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவவேண்டும். பார்த்தால் சுகமாக இருக்கும் கோழியிலும் சல்மொனெல்லா இருக்கும். இன்னொரு விஷயத்தைக் குஞ்சு வாங்குமுன்பே வீட்டில் பேசி முடியுங்கள்: இது சட்டிக்கா, வளவுக்கா? பிள்ளை பெயர் வைத்த பிறகு முடிவை மாற்றினால் அந்த வீட்டில் பல மாதத்துக்குக் கோழிக்கறி இறங்காது.

வருத்தத்தைக் கண்டுபிடித்தல்

கோழி வருத்தத்தை மறைக்கும். தூங்கி வழிகிறது என்று நாம் காணும்போது இரண்டு மூன்று நாள் கடந்திருக்கும். அதனால் வாரம் ஒருமுறை, இரவில் கட்டையில் படுத்திருக்கும்போது ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள், இருட்டில் பயப்படாது. சமையலறைத் தராசில் நிறுத்து எழுதிவையுங்கள். எடை தொடர்ந்து இறங்குவதுதான் முதல் அறிகுறி. நெஞ்செலும்பின் இரு பக்கமும் சதை இருக்கிறதா, எச்சத்துவாரத்தைச் சுற்றி இறகின் அடியில் உண்ணி ஊர்கிறதா, பாதத்தில் தழும்பா என்று தடவிப் பாருங்கள். தொண்டைக்குக் கீழுள்ள தீன்பை இரவில் நிரம்பியும் காலையில் வெறுமையாகவும் இருக்கவேண்டும். காலையிலும் நிரம்பியிருந்தால் தீன் அடைபட்டிருக்கிறது, வைத்தியரிடம் போங்கள்.

வாலைத் தாழ்த்தி நிமிர்ந்து நின்று முக்கினால் முட்டை அடைபட்டிருக்கலாம். பேசினில் இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டு இருபது நிமிடம் வயிறு நனைய உட்காரவைத்து, துடைத்து, இருட்டான அமைதியான பெட்டியில் விடுங்கள். சில மணித்தியாலத்தில் வராவிட்டால் அன்றைக்கே வைத்தியர். உள்ளே முட்டையை உடைக்க முயலவேண்டாம், கோது கிழித்துவிடும். கொண்டையில் கறுத்த பொருக்கு வந்தால் அம்மை, நுளம்பு பரப்புவது. உரிக்காமல் விட்டால் மூன்று நாலு வாரத்தில் ஆறும், வாய்க்குள் வெள்ளைப் படலம் வந்தால்தான் ஆபத்து. கழுத்து முறுகி, பச்சைக் கழிச்சலோடு ஒன்றுக்குப் பின் ஒன்று செத்தால் ராணிக்கட்டாக இருக்கலாம். அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவியுங்கள், செத்ததைக் கால்வாயில் எறியவேண்டாம். மருந்து கொடுக்கும் நாட்களிலும், அதற்குப் பிறகு வைத்தியர் சொல்லும் நாள்வரையும் முட்டையைச் சாப்பிடாதீர்கள்.

வாத்துக்குச் சில வரி போதும். குளம் கட்டாயமில்லை, தலையும் கண்ணும் மூழ்கும் ஆழத்தில் ஒரு பேசின் தேவை. கோழிக்குஞ்சுத்தீனில் வாத்துக்குஞ்சுக்கு வேண்டிய நயசின் என்ற விற்றமின் போதாது, கால் வளையும். வைத்தியரிடம் கேட்டு ஈஸ்ட் தூள் சேருங்கள். கூடச் சத்தம் போடுவது பேடுதான்.

ஆடு

போத்தலில் பால் கொடுத்து வளர்த்த குட்டிதான் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளையாகிறது. பிறந்த முதல் பன்னிரண்டு மணித்தியாலத்துக்குள் தாயின் சீம்பால் குடித்ததா என்று கேட்டு வாங்குங்கள், குடிக்காத குட்டி தேறுவது அரிது. பாலை உடல் சூட்டுக்கு, ஏறக்குறைய 39 பாகைக்கு, சூடாக்கி நாலு வேளையாகக் கொடுங்கள். மூன்று கிலோக் குட்டிக்கு நாளுக்கு அரை லீற்றர் அளவு போதும். கிடாய்க்குட்டி என்றால் ஓர் எச்சரிக்கை. போத்தலில் வளர்ந்த கிடாய்க்கு மனிதனும் இன்னொரு ஆடுதான். குட்டியில் நெற்றியைத் தள்ளி விளையாடியது ஒரு வருடத்தில் நாற்பது கிலோவில் வந்து முட்டும். அந்த விளையாட்டை முதல் நாளிலிருந்தே தவிருங்கள், இரண்டு மூன்று மாதத்தில் வைத்தியரைக் கொண்டு விதையடியுங்கள். வெளி மாவட்டத்திலிருந்து கொண்டுவருவதென்றால் அனுமதிப் பத்திரம் தேவையா என்று முன்பே கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இருபத்தைந்து கிலோ ஆடு நாளுக்கு மூன்று நாலு கிலோ பச்சைக் குழை தின்னும். பலா இலை, சீமைக்கிளுவை, முள்முருங்கை நல்லவை. நிலத்தில் போட்டால் மிதித்துவிட்டுத் தின்னாது, முகத்தின் உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். அலரியின் சில இலையே ஆட்டைக் கொல்லும், பக்கத்து வீட்டு வேலியில் இருக்கிறதா பாருங்கள். பச்சை மரவள்ளி இலையும் ஆபத்து.

செல்ல ஆட்டைச் சோறே கொன்றுவிடும். பொங்கல், திவசம், அன்னதானம் என்று மிஞ்சியதை ஒரு சட்டியில் வைப்பார்கள், ஆடு முழுவதையும் தின்னும். சோறு வயிற்றில் புளித்து அமிலமாகி, இடது பக்கம் உப்பி, பல்லைக் கடித்துக்கொண்டு படுத்துவிடும், ஓரிரு நாளில் முடிந்துவிடும். தானியம் நிறையத் தின்னும் விதையடித்த கிடாய்க்குச் சிறுநீரில் கல் அடைக்கும். முக்கியும் சொட்டுச் சொட்டாக வந்தால் அன்றே வைத்தியர் பார்க்கவேண்டும்.

ஈரநிலம் ஆட்டுக்கு எதிரி. தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் இடைவெளி விட்ட பலகைத் தட்டு போடுங்கள். ஆறு எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பை வெட்டவேண்டும். கண்ணின் கீழ்இமையைத் தாழ்த்திப் பாருங்கள். உள்ளே சிவப்பாக இருந்தால் சரி, வெளிறியிருந்தால் குடற்புழு இரத்தத்தைக் குடிக்கிறது. மழைக்காலத்தில் இதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

ஊருக்குப் போகும்போது

நல்லூர்த் திருவிழாவுக்கோ தைப்பொங்கலுக்கோ ஒரு வாரம் யாழ்ப்பாணம் போவதென்றால், கோழிக்குத் தீனைக் கொட்டிவைத்துவிட்டுப் போகலாம் என்று நினைக்காதீர்கள். தீன் இருக்கும். இரவில் கூட்டைப் பூட்ட ஆள் இருக்காது, மரநாய்க்கு ஓர் இரவு போதும். காலையும் மாலையும் வரக்கூடிய ஒருவரைப் பிடித்து, போவதற்கு முன் இரண்டு நாள் கூடவே வைத்துச் செய்து காட்டுங்கள். தீனை நாளுக்கொரு பையாக நிறுத்துக் கட்டிவைத்தால் அளவு பிழைக்காது. தண்ணீரை இரண்டு பாத்திரத்தில் வைக்கச் சொல்லுங்கள், ஒன்று கவிழ்ந்தாலும் மற்றது இருக்கும். வைத்தியரின் இலக்கத்தைக் கூட்டுக் கதவில் ஒட்டுங்கள். ஆடும் இருந்தால், குழை வெட்டத் தெரிந்தவராகப் பாருங்கள். “சோறு போடக்கூடாது” என்று தமிழிலும் சிங்களத்திலும் பெரிதாக எழுதி ஆட்டுக்கொட்டிலில் தொங்கவிடுங்கள், வருகிறவருக்கு மட்டுமல்ல, மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கும் பக்கத்து வீட்டு அன்ரிக்கும் தெரியும்படி.